புகையடுப்புக் கடை: காரணம் சோஸ் அல்ல, விறகும் நேரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இறைச்சியை விறகுத் தணலிலும் புகையிலும் மெல்ல வேகவைக்கும் அமெரிக்கத் தென் மாநிலங்களின் பாபிகியூ உணவகங்களைப் பற்றி உங்கள் வாரமலரில் வந்த கட்டுரை, சனம் நூறு மைல் கார் ஓட்டிப்போய் வரிசையில் நிற்பதற்குப் ‘பரம்பரை இரகசிய சோஸ்’தான் காரணம் என்று முடிந்திருந்தது. அதை வாசித்த ஏ-9 வீதியோரக் கடைக்காரர் சிலர், எந்தச் சோஸ் போத்தலை வாங்கலாம் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். விறகில் பெருஞ்சமையல் செய்வதும் அதற்கான அடுப்புகளை இரும்பு ஒட்டுவேலையோடு கட்டுவதும் எங்கள் தொழில். வன்னியில் இப்படியொரு கடை நடத்த முடியும் என்பது எங்கள் எண்ணம். ஆனால் அது சோஸில் தொடங்காது.

அந்தக் கடைகளையே முதலில் பாருங்கள். டெக்சாஸ் மாநிலத்தில் லெக்சிங்டன் ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் சிற்றூர். ஒஸ்டின் நகரிலிருந்து சுமார் 80 கிலோமீற்றர். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு வருகிற தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். 2003இல் அங்கே தொடங்கிய ஸ்னோஸ் என்ற கடை கிழமையில் ஒரு நாள், சனிக்கிழமை மட்டும்தான் திறக்கும். காலை 8 மணிக்குத் திறந்து, இறைச்சி முடிந்ததும் பூட்டிவிடுவார்கள். டெக்சாஸ் மந்த்லி சஞ்சிகை 2008இலும் 2017இலும் மாநிலத்தின் மிகச் சிறந்த பாபிகியூக் கடை என்று அதைத் தெரிவு செய்தது. அதன் அடுப்புக்குப் பேர் வாங்கித் தந்தவர் 1935இல் பிறந்த ரூட்சி டொமனெட்ஸ் என்ற அம்மையார். சவளால் தணலை அள்ளி அளந்து போடுவதுதான் அவருடைய வித்தை.

லொக்ஹார்ட் என்ற ஊரில் 1900இல் இறைச்சிக் கடையாகத் தொடங்கிய குரூஸ் மார்க்கெற்றில் நெடுங்காலம் சோஸே கொடுத்ததில்லை; முள்ளுக்கரண்டியும் இருந்ததில்லை. நிறுத்துக் கடதாசியில் வைத்துக் கொடுத்தார்கள், கையால் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. சோஸ்தான் காரணம் என்றால் இந்தக் கடை என்றோ மூடப்பட்டிருக்க வேண்டும். வட கரோலினாவின் எய்டன் என்ற ஊரில் பீற் ஜோன்ஸ் 1947இல் தொடங்கிய ஸ்கைலைற் இன்னில் முழுப் பன்றியை ஓக் விறகுத் தணலில் இரவிரவாக வேகவைத்து, மொறுமொறுத்த தோலோடு சேர்த்துக் கொத்தி, வினாகிரியும் உப்பும் மிளகும் கொஞ்சம் உறைப்புச் சோஸும் தெளிக்கிறார்கள். அவ்வளவுதான். அலபாமாவில் 1925 முதல் இருக்கும் பிக் பொப் கிப்சன் கடையின் மயோனீஸ், வினாகிரி, மிளகு கலந்த வெள்ளைச் சோஸ் பெயர்போனதுதான். ஆனாலும் அதைப் பூசுவது ஏற்கெனவே புகையில் சரியாக வெந்த கோழிக்கு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்கள் இரவிரவாகக் குழியடுப்புகளைக் காத்து வளர்த்த கைவேலை இது. பின்னாளில் போத்தலில் அடைத்து விற்றவர்களுக்குப் புகழைக் கொடுப்பது நியாயமில்லை.

வன்னி வாசகருக்கு மிகவும் பயன்படக்கூடிய ஊரைக் கட்டுரை சொல்லாமலே விட்டுவிட்டது. கென்டக்கி மாநிலத்தின் ஓவன்ஸ்பரோவில் பாபிகியூ என்றால் முதலில் செம்மறியாட்டு இறைச்சிதான். 1963 முதல் ஒரே குடும்பம் நடத்திவரும் மூன்லைற் என்ற கடை அதற்குப் பெயர்பெற்றது. டெக்சாஸின் பிரேடி என்ற ஊரில் 1974 முதல் வெள்ளாட்டு இறைச்சிக்கென்றே பாபிகியூப் போட்டி நடக்கிறது. மாடும் பன்றியும் எல்லா வீட்டுக்கும் ஒத்துவராத எங்கள் பிரதேசத்தில் ஆட்டிலிருந்து தொடங்குவதே புத்தி.

இனி வேலைக்கு வருவோம். இங்கே பல கடைகளில் நடப்பது, மசாலா பூசிய கோழித்துண்டை நேரடித் தணலில் 20 நிமிடம் வாட்டி எடுப்பது. அதில் குற்றமில்லை, கோழிக்கால் அதில் நன்றாகவே வரும். ஆட்டின் முன்சந்து எனப்படும் தோள்பகுதியையோ மாட்டின் நெஞ்சுப்பகுதியையோ அப்படி வாட்டினால் செருப்புத்தோல்தான் மிஞ்சும். காரணம் இறைச்சியின் நார்களைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம். ஏறத்தாழ 70 பாகை செல்சியசுக்கு மேலேதான் அது உருகிக் கூழாகத் தொடங்குகிறது. 80க்கும் 90க்கும் இடையில் வேகம் பிடிக்கும். இறைச்சியின் நடுப்பகுதி அந்த வெப்பத்தில் மணிக்கணக்காக நிற்க வேண்டும், வெளிப்புறம் கருகவும் கூடாது. ஆகவே அடுப்பின் உட்புறத்தை 110க்கும் 135க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். எல்லாக் கஷ்டமும் இந்த ஒரு வசனத்துக்குள்தான் இருக்கிறது.

அடுப்பைப் பற்றி. குழி வெட்டலாமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: வேண்டாம். கண்ணிவெடி அகற்றி உறுதிப்படுத்தாத காணியில் மண்வெட்டி போடுவதும், வெறும் நிலத்தில் மணிக்கணக்காக நெருப்பு எரிப்பதும் எவ்வளவு ஆபத்து என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நிலத்துக்கு மேலே செங்கல்லால் கட்டுங்கள். உள்ளளவு 4 அடி நீளம், 2½ அடி அகலம் போதும். 20 கிலோ இறைச்சி தாராளமாக வைக்கலாம். தணல் கிடக்கும் தளத்துக்கும் இறைச்சி வைக்கும் வலைக்கும் இடையில் 2 அடி இருக்க வேண்டும். இந்த இடைவெளியைத்தான் பலர் குறைத்துவிடுகிறார்கள். ஒரு அடியில் வலையைப் போட்டால் கொழுப்புச் சொட்டி நெருப்புப் பற்றிக்கொள்ளும், இறைச்சியில் கரி பிடிக்கும். இரண்டு ஓரத்திலும் சவள் நுழையும் அளவுக்கு ஒவ்வொரு வாய் விடுங்கள். தணலை மூலைகளில் கூடுதலாகவும் நடுவில் குறைவாகவும் போட அது உதவும்.

சீமெந்துக் கல் மலிவு என்பதற்காக அதையே உள்முகமாக வைக்க வேண்டாம். சூட்டில் பொரிந்து, சில்லுச் சில்லாய் இறைச்சியில் விழும். வெளிச்சுவர் சீமெந்துக் கல்லாக இருக்கட்டும், உள்ளே ஒரு வரிசை செங்கல். சாந்துக்குச் சீமெந்து சேர்க்காமல் ஒரு பங்கு புற்றுமண்ணும் இரண்டு பங்கு மணலும் கொஞ்சம் உமியும் குழைத்துக் கட்டினால், வெடித்தாலும் மறுநாள் பூசிவிடலாம். கட்டிய அடுப்பை ஒரு கிழமை காயவிட்டு, முதல் மூன்று மாலைகளிலும் சிறு நெருப்பு மட்டும் போடுங்கள். ஈரம் ஆவியாக வெளியேறும் முன் பெருநெருப்பு வைத்தால் சுவர் பிளந்துவிடும்.

மூடி விஷயத்தில்தான் எங்களுக்கு அதிகப் பயம். எங்கும் கிடக்கிறது என்பதற்காக அஸ்பெஸ்ரஸ் கூரைத்தகட்டை அடுப்புக்கு மூடியாகப் போட வேண்டாம். சூடேறினால் வெடித்துச் சிதறும், அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. நாகம் (துத்தநாகம்) பூசிய தகரமும் வலையும் கூடாது; கடுஞ்சூட்டில் நாகப்பூச்சு புகையாகக் கிளம்பும். பூச்சில்லாத கறுப்பு இரும்புத் தகட்டில் மூடியும், துருப்பிடிக்காத கம்பியில் வலையும் செய்யுங்கள். கம்பிக்குக் காசு போதாவிட்டால் சாதாரண இரும்புக் கம்பியும் பரவாயில்லை. ஒவ்வொரு முறையும் சூட்டோடு சுரண்டி எண்ணெய் தடவினால் போதும். மூடியின் ஒரு ஓரத்தில் 4 அங்குலக் குழாய் ஒன்று, அதற்குத் திறந்து மூடும் தகடு ஒன்று. அந்தத் தகட்டை ஒருபோதும் முழுதாக மூடக்கூடாது. புகை உள்ளே தேங்கினால் இறைச்சி கசக்கும்.

விறகை நேரே இறைச்சிக்குக் கீழே எரிக்காமல், தனியாக எரித்துத் தணலாக்கிக் கொண்டுவருவது கரோலினா முறை. அதற்கு ஒரு 45 கலன் பரல் தேவை. பயிருக்கு அடிக்கிற மருந்து வந்த பரலை எத்தனை முறை கழுவினாலும் பாவிக்க வேண்டாம். எங்கள் வயற்கரைகளில் கிடப்பவை பெரும்பாலும் அவைதான். சமையல் எண்ணெய் வந்த பரல் கிடைத்தால் அதையே எடுத்து, உள்ளே பெருநெருப்புப் போட்டுப் பூச்சையெல்லாம் எரித்துவிட்டுத் தொடங்குங்கள். அடியிலிருந்து ஒரு அடி உயரத்தில் துளையிட்டு, குறுக்கும் மறுக்குமாகக் கம்பிகள் செருக வேண்டும். கம்பிகளுக்கிடையில் 2 அங்குலம். விறகு மேலே எரிய, தணல் அந்த இடைவெளியால் கீழே விழும். அடியில் வெட்டிய வாயால் சவளை விட்டு அள்ளலாம். கட்டடத்துக்குப் பாவிக்கும் முறுக்குக் கம்பி சில மாதங்களில் வளைந்து தொங்கிவிடும். பழைய லொறி அச்சுத்தண்டு கிடைத்தால் அதைப் போடுங்கள், வருடக்கணக்காக நிற்கும். 20 கிலோ இறைச்சிக்கு ஆறு மணித்தியாலம் சுமார் 50 கிலோ காய்ந்த விறகு போகும் என்று கணக்கு வையுங்கள்.

எந்த விறகு? பாலையும் முதிரையும் கருங்காலியும் காட்டின் சொத்து. வனவளத் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் அவற்றில் கை வைக்கக் கூடாது. தேவையும் இல்லை. புளியங்கட்டை வலிய தணல் தரும். கொய்யா, தோடை, தேசி மரங்களைக் கவ்வாத்துப் பண்ணும்போது விழும் கொம்புகளைச் சேர்த்துவைத்தால் வாசனைக்கு அவை போதும். சிரட்டையும் ஊமல் கரியும் சூட்டுக்கு நல்லவை. ஆனால் சிரட்டை சட்டென்று எரிந்து கொதித்து அடங்கிவிடும். அதை மட்டும் நம்பினால் அடுப்பு 180க்கு ஏறிப் பிறகு 90க்கு விழும். பொச்சு மட்டையும் பனைமட்டையும் நெருப்பு மூட்டுவதற்கு மட்டும். வேம்பில் புகை கசப்பு. அலரியும் கள்ளியும் நஞ்சு. வேலியில் வெட்டிய குவியலோடு கலந்து வந்துவிடாமல் பாருங்கள். பெயின்ற் பூசிய பலகை, மருந்தடித்த கட்டை, பழைய ரெயில் சிலிப்பர்கட்டை எதுவும் அடுப்புக்கு அருகில் வரக்கூடாது.

விறகு ஆறு மாதமாவது நிழலில் காய்ந்திருக்க வேண்டும். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். ‘தொப்’ என்றால் ஈரம் போகவில்லை. ஈர விறகு வெள்ளைப் புகையைக் குப்பென்று கக்கும். அது அரைகுறையாய் எரிந்த புகை. இறைச்சியில் தார்போலப் படிந்து நாக்கை மரக்கவைக்கும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய நீலமாகப் போகும் புகைதான் வேண்டியது. மார்கழி மாரிக்கு முன்னரே விறகைக் கூரைக்குள் ஏற்றிவிடுங்கள். ஆனியிலும் ஆடியிலும் சோளகம் அடிக்கும்போது வேறு தொல்லை. வாய் காற்றுக்கு நேரே இருந்தால் தணல் உலைக்களமாகிவிடும். அடுப்பைக் கட்டும்போதே வாய்கள் சோளகத்துக்குக் குறுக்காக இருக்கும்படி திசை வையுங்கள்.

வெப்பமானி இல்லாமல் தொடங்க வேண்டாம். இரண்டு தேவை. ஒன்று அடுப்புக்கு: மூடியின் உச்சியில் பொருத்தினால் வலை மட்டத்தின் உண்மை வெப்பத்தைக் காட்டாது, ஆகவே இறைச்சிக்குப் பக்கத்தில் வலையிலேயே வையுங்கள். மற்றது இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் ஊசிமுனைக் கருவி. கையை வைத்துச் சூடு பார்க்கிற பழக்கம் பழுத்த அனுபவக்காரருக்குச் சரி. கூலிக்கு வந்த பையனிடம் இரவு 2 மணிக்கு அடுப்பை ஒப்படைத்துவிட்டு நித்திரைக்குப் போகிறவருக்குச் சரிவராது.

இறைச்சி வாங்குவதில் எங்கள் வழக்கம் இந்தச் சமையலுக்கு நேரெதிர். விடியக் காலையில் அறுத்து, எலும்போடு சிறு துண்டாக வெட்டி, மத்தியானம் கறியாக்கிவிடுவோம். கறிக்கு அது பொருந்தும். புகையடுப்புக்குப் பெரிய துண்டு வேண்டும், அறுத்த விறைப்பும் போயிருக்க வேண்டும். விறைப்பு நிலையில் இருக்கும் இறைச்சியை எத்தனை மணித்தியாலம் வேகவைத்தாலும் நார் இறுக்கமாகவே நிற்கும். கடைக்காரரிடம் முதல் நாளே சொல்லி முன்சந்தையை முழுதாக வாங்கி, பிறிட்ஜில் 4 பாகைக்குக் கீழே ஆடானால் ஒரு நாளும் மாடானால் இரண்டு நாளும் வையுங்கள். மின்சாரம் நின்றால் கதவைத் திறக்காமல் விடுங்கள். மான், மரை இறைச்சி கொண்டுவந்து தருகிறோம் என்று வருபவர்களைத் திருப்பி அனுப்புங்கள். அது சட்டப்படி குற்றம்.

ஆட்டில் முன்சந்துதான் நல்லது. பின்தொடை பார்வைக்கு அழகு, ஆனால் எங்கள் நாட்டாட்டில் அங்கே கொழுப்பே இல்லை, காய்ந்து போகும். எலும்போடு 2 கிலோ முன்சந்துக்கு ஆனையிறவுக் கல்லுப்பு இடித்தது 24 கிராம், பரும்படியாக உடைத்த மிளகு 12 கிராம், வறுத்து இடித்த மல்லி 6 கிராம். உப்பை முதல்நாள் மாலையே தடவி மூடாமல் பிறிட்ஜில் வைத்தால் மேற்புறம் காய்ந்து புகை நன்றாகப் பிடிக்கும். மற்றவற்றை அடுப்பில் ஏற்றும்போது தூவலாம். மிளகாய்த்தூளை முதலில் பூச வேண்டாம். நெடுநேரச் சூட்டில் கருகிக் கசக்கும். உறைப்புக் கடைசியில் வரட்டும்.

பப்பாசிக்காய் அரைத்துப் பூசுகிற பழக்கம் இங்கே கெடுதல் செய்யும். பப்பாசியில் இறைச்சியை மென்மையாக்கும் நொதியம் 60 முதல் 70 பாகை வரை மிகத் தீவிரமாக வேலை செய்யும். கறிச்சட்டியில் அந்தக் கட்டத்தைச் சில நிமிடங்களில் தாண்டிவிடுகிறோம். புகையடுப்பிலோ அது மணிக்கணக்கு. வெளிப்புறம் பசையாகிவிடும், உள்ளே நார் அப்படியே இருக்கும். தேசிக்காய்ப் புளியில் இரவிரவாக ஊறவைப்பதும் அப்படித்தான்.

அடுப்பு 120இல் நின்றதும் முன்சந்தை வையுங்கள். முதல் ஒன்றரை மணித்தியாலம் மூடியைத் திறக்காதீர்கள். திறக்கும் ஒவ்வொரு தடவையும் கால்மணிச் சூடு போகும். அதன்பின் முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை தெளிக்க ஒரு தண்ணீர்: ஒரு லீற்றர் தண்ணீர், கால் லீற்றர் தென்னை வினாகிரி (பனங்கள் வினாகிரி கிடைத்தால் இன்னும் நல்லது), 15 கிராம் உப்பு, 10 கிராம் மிளகு. ஓவன்ஸ்பரோக்காரர் செம்மறியின் மொச்சை வாடையை வெட்ட வூஸ்டர் சோஸ் கலந்த கறுப்பு நீர் பாவிப்பார்கள். கிடாய் இறைச்சிக்கு நீங்களும் அதில் இரண்டு மேசைக்கரண்டி சேர்க்கலாம். குட்டியாட்டுக்குத் தேவையில்லை.

இறைச்சியின் நடுப்பகுதி 65 முதல் 75 பாகைக்குள் வந்ததும் ஏறாமல் அப்படியே நின்றுவிடும். ஒரு மணி, இரண்டு மணி, மாட்டு நெஞ்சானால் நான்கு மணித்தியாலம்கூட. இங்கேதான் பெரும்பாலானோர் பதறி நெருப்பைக் கூட்டி எல்லாவற்றையும் கெடுப்பது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப்போல, இறைச்சியின் மேற்பரப்பிலிருந்து ஈரம் ஆவியாகும்போது அது சூட்டைக் கொண்டுபோகிறது. அடுப்பு கொடுப்பதும் ஆவி எடுப்பதும் சமமாகிவிட்டன, அவ்வளவுதான். மேற்புறம் நன்றாகக் கறுத்துக் காய்ந்திருந்தால் இந்தக் கட்டத்தில் சுற்றிவிடலாம். டெக்சாஸில் இறைச்சிக்கடைக் கடதாசியிலோ அலுமினியத் தாளிலோ சுற்றுவார்கள். எங்களுக்கு வாழையிலை இருக்கிறது. தணலில் வாட்டி வளையவைத்த இலை இரண்டு மடிப்பு, அதற்கு மேல் ஒரு சுற்று அலுமினியத் தாள். கொழுப்புக் குறைந்த எங்கள் ஆட்டுக்கு இந்தச் சுற்று கட்டாயம் என்றே சொல்வோம்.

முன்சந்து 90 முதல் 93 வரை வந்ததும், சந்து எலும்பைப் பிடித்துத் திருப்பினால் கையோடு வரும். அதுதான் பதம். மொத்தம் ஐந்து மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள், சிறியதானால் நான்கு. மாட்டு நெஞ்சு 5 கிலோ என்றால் 10 முதல் 14 மணித்தியாலம், 93 முதல் 95 பாகை. கோழிக்கு வேறு கணக்கு: முதுகெலும்பை வெட்டி விரித்து, 135 முதல் 150 வரையான சூட்டில் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம், தொடையின் தடித்த இடத்தில் 74க்குக் குறையவே கூடாது. 110இல் வைத்தால் கோழித்தோல் ரப்பராகிவிடும். வெட்டும்போது விளிம்பில் ரோஜா நிற வளையம் தெரிந்தால் வாடிக்கையாளர் ‘வேகவில்லை’ என்று திருப்புவார்கள். அது விறகுப் புகையிலுள்ள வாயுக்கள் இறைச்சியின் நிறப்பொருளோடு சேர்வதால் வருவது. வெப்பமானியைக் காட்டி விளக்கம் சொல்லுங்கள்.

இறக்கியதும் வெட்டக்கூடாது, சாறு முழுவதும் பலகையில் ஓடிவிடும். ஒரு மணித்தியாலமாவது ஆறட்டும். தடித்த சுவருள்ள புதிய ஐஸ் பெட்டியில் கொதிதண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து, கவிழ்த்துத் துடைத்து, சுற்றிய இறைச்சியை அடுக்கி இடைவெளியைச் சுத்தமான துணியால் நிரப்பினால் மூன்று மணித்தியாலம் சூடு நிற்கும். மீன் வைத்த பெட்டி எவ்வளவு தேய்த்தாலும் மணக்கும், அது வேண்டாம். 60 பாகைக்குக் கீழே இறங்கிய இறைச்சியை எங்கள் வெயிலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்கக்கூடாது. மிஞ்சினால் பிரித்துத் தட்டையான தட்டில் பரப்பி உடனே குளிரூட்டி, மறுநாள் 74க்குச் சூடாக்கிக் கொத்துரொட்டிக்குப் போடலாம். முதல்தரக் கொத்து வரும்.

தொட்டுக்கொள்ள என்ன? டெக்சாஸில் பாணும் வெங்காயமும் ஊறுகாயும். எங்கள் கட்சி பிட்டு. அரிசிமாப் பிட்டில் ஆட்டின் உருகிய சாறு இறங்குவதுபோல் பாணில் இறங்காது. பக்கத்தில் வினாகிரியில் ஊறிய சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும். சோஸ் கேட்டுத் தொல்லை தருபவருக்கு வறுத்த செத்தல் மிளகாய், உள்ளி, புளி, பனங்கட்டி, அந்தத் தெளிப்புத் தண்ணீர் ஆகியவற்றைக் கொதிக்கவைத்துக் கொடுங்கள், தனிக் கிண்ணத்தில். பனங்கட்டியை இறைச்சியில் பூசி நெருப்புக்கு நேரே காட்டினால் கருகும்.

விலை வைப்பதில்தான் கடைகள் விழும். 10 கிலோ மாட்டு நெஞ்சில் கடுங்கொழுப்பைச் செதுக்கினால் எட்டரை கிலோ. வெந்தபின் ஐந்து கிலோவுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அதாவது வாங்கிய விலை தட்டில் இரட்டிப்பாகிறது. விறகும் இரவுச் சம்பளமும் அதற்குமேல். எலும்புள்ள ஆட்டில் இன்னும் மோசம். இந்தக் கணக்குப் பாராமல் கறிச்சோற்று விலைக்குக் கொடுக்கத் தொடங்கினால் இரண்டாம் மாதம் 5 மணித்தியாலம் 3 ஆகும், பிறகு அவித்துவிட்டு வாட்டிக் கொடுப்பார்கள், பிறகு சோஸை ஊற்றி மறைப்பார்கள். நிறுத்து, 100 கிராம் கணக்கில் விற்பதே இரு பக்கத்துக்கும் நேர்மை. சமைத்தது முடிந்தால் ‘முடிந்தது’ என்று பலகையைப் போடுங்கள். 2009இல் ஒரு இழுவைவண்டியில் தொடங்கிய ஒஸ்டின் பிராங்க்ளின் கடையிலும் சனம் விடியவே வரிசைக்கு வருவது, பிந்தினால் கிடைக்காது என்பதால்தான். எந்நேரமும் எல்லாம் கிடைக்கும் கடைக்கு யாரும் 80 கிலோமீற்றர் ஓடமாட்டார்கள். சனம் வழியில் நிற்காது என்று சொல்பவர்கள் முறிகண்டியைப் பார்க்கட்டும்: பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சானும் வாங்காமல் கடக்கிற வாகனம் எத்தனை?

எந்த நாள் திறப்பது என்று கேட்டால் ஞாயிறு என்போம். வெள்ளி மரக்கறி, சனிக்கும் பல வீடுகளில் விரதம். வியாழன் இறைச்சிக்குச் சொல்லி, வெள்ளி பிறிட்ஜில் வைத்து, சனி மாலை உப்புத் தடவலாம்; மாட்டுக்கு எல்லாம் ஒரு நாள் முன்னதாக. மாடு உண்டென்றால் சனி இரவு 8 மணிக்கு நெருப்பு, இல்லையென்றால் ஞாயிறு அதிகாலை 4 மணிக்கு ஆடு, 9 மணிக்குக் கோழி, பதினொன்றரைக்குக் கடை. புகை அயலாரின் வீட்டுக்குப் போகாத இடமாகப் பார்த்து, கட்டுவதற்கு முன்னரே பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூட்டிவந்து காட்டுங்கள். கட்டிய பிறகு காட்டினால் இடிக்கச் சொன்னாலும் சொல்வார். போயா ஞாயிற்றில் வந்தால் அந்தக் கிழமை கடை இல்லை, இறைச்சி விற்க முடியாது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் பாதிச் சனம் மச்சம் தொடாது. அந்த நாட்களில் கடையைப் பூட்டி, அடுப்பின் உட்சுவரைச் சுரண்டி, புற்றுமண் குழைத்துப் பூசிக் காயவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு சமையற்காரரும் ஓர் இரும்பு ஒட்டுவேலைக்காரரும்,
பரந்தன்.